காந்தம் ஒட்டாத வால்வு

எஞ்சினை இறக்கிப் பாகம் பாகமாகப் பரப்பி வைத்திருக்கும் நேரம் பார்த்து, வண்டிக்காரர்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள். ‘அதெல்லாம் மெக்கானிக் சமாச்சாரம்’ என்று ஒரு சாக்கு வேறு. எரிச்சலாக வருகிறது. பார்க்க வேண்டியதே அப்போதுதானே!

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் எடை குறைவாக இருக்க வேண்டும், சூட்டைச் சட்டென்று கடத்த வேண்டும், ஆகவே அலுமினியம். அது வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும் என்பதால் சிலிகான் கலந்து கொஞ்சம் அடக்குகிறார்கள். வார்ப்பிரும்பு சிலிண்டரில் கிராஃபைட் உண்டு, உராய்வைத் தாங்கும். கனெக்டிங் ராடு பெரும்பாலும் அடித்து உருவாக்கிய எஃகு. பேரிங்கில் மட்டும் வேண்டுமென்றே மெத்தென்ற உலோகம். ஆயிலில் வரும் தூசு கிராங்கைக் கீறாமல் அதில் புதைந்துகொள்ளும். போதும்.

இனி வால்வு. ஒரு சின்னக் காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்லெட் வால்வின் தலையில் வைத்தால் பட்டென்று ஒட்டும். எக்ஸாஸ்ட் வால்வின் தலையில் பெரும்பாலும் ஒட்டாது. அப்படியே தண்டு வழியாக நுனிக்கு நகர்த்துங்கள். பல வால்வுகளில் ஓரிடத்தில் திடீரென்று இழுக்கும். ஒரே துண்டு என்று நினைத்தது இரண்டு எஃகு!

இன்லெட்டை ஒவ்வொரு தடவையும் புதுக் காற்று குளிர்விக்கிறது. எக்ஸாஸ்டைக் கடப்பதோ எரிந்த புகை. தலை 700 டிகிரியைத் தாண்டும். சாதாரண எஃகு அதில் இளகிவிடும். ஆகவே குரோமியம் 21, நிக்கல் 4 சதவீதம் கலந்த, காந்தம் ஒட்டாத எஃகு. ஆனால் அதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. ராக்கர் தட்டித் தட்டியே நுனி தேய்ந்துவிடும். அதனால் தண்டுக்கு வேறு எஃகு. ஒன்றைச் சுழலவிட்டு மற்றதோடு அழுத்தி, உராயும் சூட்டிலேயே இணைக்கிறார்கள். தலை எஃகு கூடுதலாக விரியவும் செய்யும். பல எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் டேப்பெட்டுக்கு இடைவெளி அதிகம் விடுவது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

வண்டி விமர்சகர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு மைலேஜ், கலர், டாப் ஸ்பீடு. ‘இரும்பு ஜாஸ்தி, அதனால் ஸ்ட்ராங்’ என்பது அதைவிட மேலோட்டமான பேச்சு. டைட்டானியம் என்று சொல்லி நீலச்சாயம் பூசிய சைலன்சர் மாட்டிக்கொள்பவர்களைப் பற்றி நான் வாயே திறக்கப்போவதில்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பட்டறைக்குச் சாயங்காலம் போகாதீர்கள். வண்டி டெலிவரி நேரம், முகம் கொடுத்தே பேச மாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய், கழித்துப்போட்ட எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று கேளுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகிற சாமான்தான், கொடுத்துவிடுவார்கள்.