யாரையும் உறுத்தாத பட்டியல்

ஐ.நா. 2021 முதல் 2030 வரையான ஆண்டுகளைப் பெருங்கடல் அறிவியல் பத்தாண்டாக அறிவித்த பிறகு, நாடுகள் கூடி உட்கார்ந்து மீன்வள ஆய்வுக்கு முன்னுரிமைப் பட்டியல் போடுவது ஒரு மோஸ்தராகவே ஆகிவிட்டது. பட்டியல் ஏன் இவ்வளவு சப்பென்று இருக்கிறது என்று கேட்டால் ஆயத்தமாக ஒரு பதில் வரும். 'எளிய விஷயங்களில் சேர்ந்து வேலை செய்வோம், நம்பிக்கை வளரட்டும், சிக்கலானவற்றைப் பிறகு தொடலாம்.' கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்காள விரிகுடாவில் அந்தப் 'பிறகு' நாற்பத்தைந்து ஆண்டுகளாகியும் வந்து சேரவில்லை.

கூட்டு ஆய்வே வீண் என்று சொல்ல நான் வரவில்லை. 2009 வாக்கில் சீனாவில் தொடங்கி வியட்நாம், மலேசியா, தாய்லாந்து என்று இறால் பண்ணைகளைக் காலி செய்த கல்லீரல்–கணைய நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிய–பசிபிக் நீர்வாழ் உயிரி வளர்ப்பு மையங்களின் கூட்டமைப்பு 2012இல் பாங்காக்கில் கூட்டம் போட்டது. அடுத்த ஆண்டே அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு நோய்க்குக் காரணமான விப்ரியோ பாக்டீரியாவைக் கண்டுபிடித்தது. நாடுகள் தகவலை மறைக்காமல் பகிர்ந்துகொண்டால் எல்லாருக்கும் லாபம் என்பதற்கு இது நல்ல சான்று. ஒன்றை மட்டும் கவனியுங்கள், அங்கே குற்றவாளி ஒரு பாக்டீரியா. அதற்குக் கொடியும் கிடையாது, தூதரகமும் கிடையாது. பிடிமீனில் குற்றவாளி பெரும்பாலும் பக்கத்து நாட்டுப் படகு. அங்கேதான் கூட்டு ஆய்வை ஒருங்கிணைப்பவர்களின் குரல் அடங்கிப்போகிறது.

வங்காள விரிகுடாத் திட்டத்தை 1979இல் ஸ்வீடன் பணத்தில், உணவு வேளாண்மை அமைப்பின் கீழ், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கினார்கள். அது கரையிலிருந்து அலையைத் தாண்டிச் செல்லக்கூடிய படகுகளை வடிவமைத்தது, கட்டுமரக்காரர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தது. அந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. அதே திட்டம்தான் தமிழ்நாட்டிலும் குஜராத்திலும் ஒரிசாவிலும் உயர்ந்த வாய் கொண்ட அடிமட்ட இழுவைமடியைப் பரப்பவும் முனைந்தது. அன்றைய முன்னுரிமை 'இன்னும் அதிகம் பிடிப்பது'. மேசையைச் சுற்றி இருந்த எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. எதிர்க்கக் காரணமுள்ள வடஇலங்கைச் செவுள்வலைக்காரனோ ராமேஸ்வரத்து நாட்டுப்படகுக்காரனோ அந்த மேசையில் இல்லை.

அடுத்து வந்தது எட்டு நாடுகள் சேர்ந்த வங்காள விரிகுடாப் பெருங்கடல் சூழலமைவுத் திட்டம். இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு, மியன்மார், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா எல்லாம் அதில் இருந்தன. ஆண்டுக்கணக்கில் தகவல் திரட்டி, 2012இல் எல்லை கடந்த சிக்கல்கள் என்று மூன்றை அறிவித்தார்கள். கடல்வளத்தை அளவுமீறிப் பிடிப்பது, அலையாத்தி, பவளப்பாறை, கடற்புல் போன்ற வாழிடங்கள் சிதைவது, மாசு. இதைச் சொல்ல எட்டு அரசாங்கம் எதற்கு? தொண்டியிலோ தலைமன்னாரிலோ கடற்கரையில் வலை பின்னுகிறவரிடம் ஒரு தேநீர் நேரத்துக்குப் பேசினால் மூன்றையும் சொல்வார். நாலாவதாக, யார் அளவுமீறிப் பிடிக்கிறார்கள் என்பதையும் சொல்வார். அறிக்கையின் தலைப்புச் சிக்கல்களில் இல்லாதது அந்த நாலாவதுதான்.

இது தற்செயல் இல்லை. முன்னுரிமைப் பட்டியல் உருவாகும் முறையே இதற்குக் காரணம் என்பது என் நெடுநாளைய குற்றச்சாட்டு. ஒவ்வொரு நாடும் தன் பட்டியலைக் கொண்டுவரும். செயலகம் அவற்றைத் தொகுக்கும். ஒரு நாடு முகம் சுளித்தால் அந்த வரி மெருகேறும். இன்னொரு நாடும் சுளித்தால் அது 'திறன் மேம்பாடு' என்ற தலைப்புக்குள் போய்ப் படுத்துவிடும். ஒருமித்த சம்மதம் இருந்தால்தான் நிறைவேறும் என்ற விதியின் கீழ், யாருக்கும் வலிக்காத கேள்விகளே பிழைக்கும். காலநிலை மாற்றம், தகவல் இடைவெளி, பயிற்சி, விழிப்புணர்வு ஆகிய நான்கும் எந்தக் கூட்டத்திலும் தோற்றதில்லை.

இதன் விளைவு பாக் விரிகுடாவில் அப்பட்டமாகத் தெரியும். பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவான ஆழம் கொண்ட அந்தக் கடலில், 2009இல் இலங்கையில் போர் முடிந்து அதன் வடக்கு மீனவர்கள் மீண்டும் கடலில் இறங்கியபோது, அவர்கள் விரித்த வலைகளைத் தமிழ்நாட்டு விசைப்படகுகளின் மடி அறுத்துக்கொண்டு போனது. கைதுகள், படகுப் பறிமுதல், உயிரிழப்பு எல்லாம் நீங்கள் நாளிதழில் படிப்பவைதான். 2016இல் இரு நாடுகளும் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. 2017இல் இலங்கை அடிமட்ட இழுவைக்குச் சட்டப்படி தடை விதித்தது. அதே ஆண்டு 1,600 கோடி ரூபாயில் 2,000 விசைப்படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டத்தை இந்தியா அறிவித்தது, அது இலக்கின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. இவ்வளவுக்கும் நடுவே, அந்த விரிகுடாவின் மீன்வளம் எவ்வளவு, கடல்தரை எவ்வளவு சேதப்பட்டிருக்கிறது, மடியில் ஏறுவதில் எத்தனை பங்கு மீன்மாவு ஆலைக்குப் போகும் சங்காயம் எனும் கழிவு மீன் என்று இரு நாடும் ஏற்றுக்கொண்ட ஒரே ஒரு மதிப்பீடு கிடையாது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் கரையைப் பார்த்து எண்ணுகிறது, கொழும்பிலுள்ள தேசிய நீர்வள ஆராய்ச்சி முகமை தன் கரையைப் பார்த்து எண்ணுகிறது. மீன் மட்டும் கச்சத்தீவைச் சுற்றிக் கடவுச்சீட்டு இல்லாமல் திரிகிறது.

இரு கரை மீனவர்களையும் வைத்து உருப்படியான சமூக ஆய்வு நடந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் முன்னின்று, நெதர்லாந்துப் பணத்தில் அது நடந்தது. நம் வீட்டு வாசல் வழக்கை விசாரிக்க வடகடல்காரர்கள் வர வேண்டியிருந்தது!

எளியது முதலில் என்ற தத்துவத்துக்கு வருகிறேன். சர்வதேச மீன்வள ஆய்வின் வரலாறே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1902இல் கோபன்ஹேகனில் பிறந்த சர்வதேசக் கடல் ஆய்வு மன்றத்தின் தொடக்கக் குழுக்களில் ஒன்று மீன்களின் வலசையை ஆராய. இன்னொன்று, நேரடியாகவே, வடகடலில் அளவுமீறிப் பிடிக்கிறார்களா என்று பார்க்க. கடல் மீன் வற்றாது என்று தாமஸ் ஹக்ஸ்லி 1883இல் முழங்கி இருபது ஆண்டுகூட ஆகவில்லை. நீராவி இழுவைப் படகு முதலாளிகள் செல்வாக்கின் உச்சியில் இருந்தார்கள். மேசையில் இருந்த பிரிட்டனும் ஜெர்மனியும் பன்னிரண்டு ஆண்டில் போர்க்களத்தில் மோதப்போகிறவை. நம்பிக்கை வளரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை, சண்டைக்குரிய கேள்வியையே முதலில் எடுத்தார்கள். நம்பிக்கை வந்ததென்றால் அந்தக் கேள்வியைச் சேர்ந்து அளந்ததால் வந்தது.

அந்த மன்றமும் எல்லாவற்றையும் சாதிக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். வடகிழக்கு அட்லாண்டிக் கானாங்கெளுத்தியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கடலோர நாடுகள் உடன்பட முடியாமல், ஒவ்வொன்றும் தனித்தனியே ஒதுக்கிக்கொண்ட அளவுகளின் கூட்டுத்தொகை அறிவியல் பரிந்துரையைத் தாண்டியது. 2019இல் அந்த மீனுக்கான நிலைத்தன்மைச் சான்றிதழே இடைநிறுத்தப்பட்டது. ஆனால் எத்தனை டன் தாண்டுகிறார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், சான்றிதழைப் பறிக்க முடிந்ததும் அதனால்தான். பாக் விரிகுடாவில் தவறு செய்கிறவரைத் தவறு செய்கிறவர் என்று சொல்லக்கூட ஒப்புக்கொண்ட எண் இல்லை. ஆகவே சென்னையில் பேசப்படுவது ஓர் உண்மை, யாழ்ப்பாணத்தில் பேசப்படுவது இன்னோர் உண்மை.

ஹில்சாவின் கதையையும் சேர்த்துக்கொள்ளலாம். எட்டு நாட்டுத் திட்டம் கூட்டாக மேலாண்மை செய்ய எடுத்துக்கொண்ட மீன்களில் அது ஒன்று. இந்தியாவின் கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வங்கதேசத்திலோ அது மே 20 முதல் ஜூலை 23 வரை என்று இருந்தது. தங்கள் படகு கட்டிக்கிடக்கும்போது இந்தியப் படகுகள் வந்து அள்ளுகின்றன என்று வங்கதேச மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சத்தம் போட்டார்கள். 2025இல் டாக்கா தன் தடைக்காலத்தை ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை என்று மாற்றியது. இரண்டு நாள்காட்டிகளை ஒன்றாக்கும் இந்த எளிய வேலை, மீனவர் கூச்சலுக்குப் பிறகு ஓர் அரசு தனியாக எடுத்த முடிவாக வந்தது. ஒருங்கிணைப்பின் கொடையாக வரவில்லை.

இனி ஒரு பட்டியல் தயாராகும்போது, இரு கரை மீனவர் சங்கங்களும் அதில் முதல் கேள்வியைத் தாங்களே எழுதித் தர வேண்டும், எந்த அரசுக்கும் அதை அடிக்கும் உரிமை இருக்கக் கூடாது. பாக் விரிகுடாவின் கடல்தரையை ஒரே கப்பலில், இரு நாட்டு ஆய்வாளரும் அளந்து, ஒரே அறிக்கையில் கையெழுத்திடட்டும். அதற்குச் சம்மதிக்காத அரசுகள் கூட்டு முன்னுரிமை என்ற பெயரில் இனி கூட்டம் போடவே வேண்டாம்.