கேள்வி கேட்பதற்கென்று ஒருத்தி

‘டாக்டர் ஹூ’ என்ற தலைப்பே ஒரு கேள்விதான். 1963 நவம்பர் 23 அன்று பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய இந்த அறிவியல் புனைவுத் தொடர் 1989 டிசம்பர் 6 வரை ஓடி நின்றது. 2005இல் மறுபடி தொடங்கியது. அந்த முதல் 26 ஆண்டுக் கதைகளைச் செவ்வியல் காலம் என்று ரசிகர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். நீலநிறப் போலீஸ் தொலைபேசிப் பெட்டியின் வடிவிலிருக்கும் ‘டார்டிஸ்’ என்ற கலத்தில் காலத்தையும் வெளியையும் கடந்து அலைகிறார் ஒருவர். பெயர் தெரியாது, டாக்டர் என்றுதான் எல்லோரும் அழைக்கிறார்கள். சாகும் தறுவாயில் உடல் மாறி வேறு ஆளாக எழுந்துவிடுவார் என்பதால் நடிகர்கள் மாறிக்கொண்டே இருக்கலாம். அந்த 26 ஆண்டுகளில் ஏழு ஆண்கள் டாக்டராக நடித்தார்கள். கூடவே ஏறக்குறைய எப்போதும் ஒரு பெண் இருந்தாள்.

கடந்த சில மாதங்களாக இந்தப் பழைய கதைகளைத் திரும்பப் பார்த்துவருகிறேன். டாலெக்குகளின் அட்டைப்பெட்டி உடம்பையும் ஆடும் சுவர்களையும் பார்த்துச் சிரிப்பது எளிது. அதைத் தாண்டி, இம்முறை ஒன்றை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டே பார்த்தேன். யார் கேள்வி கேட்கிறார்கள்? யாரிடம்? எதற்காக?

டாக்டருக்கு எல்லாம் தெரியும். பார்வையாளருக்கு ஒன்றும் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்ப யாராவது ஒருவர் “இது என்ன?”, “இப்போது என்ன செய்வது?” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை பெண்ணிடம் தரப்பட்டது. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. இலக்கண வகுப்பில் இதை நடத்தும்போது மாணவிகள் கொட்டாவி விடுவார்கள். ஆனால் இந்தத் தொடரைப் பார்க்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. டாக்டருடன் பயணம் செய்யும் பெண்ணுக்கு எழுதித்தரப்பட்டது அறியாவினா. தெரியாததால் கேட்பது. அவள் தெரியாதவளாக இருப்பதுதான் கதைக்குத் தேவை.

தெரிந்தவள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு லிஸ் ஷா சாட்சி. 1970இல் வந்த இந்தப் பாத்திரம் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி. கரோலின் ஜான் நடித்தார். டாக்டரோடு சமமாக நின்று ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள், விளங்காமல் விழிப்பதில்லை. நான்கு கதைகள், 25 அத்தியாயங்கள், அவ்வளவுதான். விளக்கம் கேட்கும் பாத்திரம்தான் வேண்டுமென்று தயாரிப்புத் தரப்பு முடிவுசெய்தது. விடைபெறும் காட்சிகூட அவளுக்கு எழுதப்படவில்லை. அடுத்த ஆண்டின் முதல் கதையில், அவள் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிவிட்டதாகச் செய்தி மட்டும் வருகிறது. டாக்டருக்கு வேண்டியதெல்லாம் சோதனைக் குழாயை எடுத்துக்கொடுக்கவும் அவர் எவ்வளவு பெரிய மேதை என்று சொல்லிக்கொண்டிருக்கவும் ஒரு ஆள்தான் என்பது அவளுடைய கருத்து என்று, இன்னொரு ஆணின் வாய்வழியாகக் கேள்விப்படுகிறோம். தொடர் தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்ட மிகக் கூர்மையான விமர்சனம் இது. அதைச் சொன்னவள் திரையில் இல்லை. கருத்தரங்குகளில் வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் நடுவே பெண் பேராசிரியர்கள் மேடையில் எத்தனை நிமிடம் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்தவர்களுக்கு லிஸ் ஷாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

இத்தனைக்கும் இந்தத் தொடரைத் தொடங்கிவைத்தவர்கள் விளிம்பிலிருந்து வந்தவர்கள். முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட். அப்போது அவருக்கு 27 வயது. முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். நாவலாசிரியர் அத்தியா ஹுசைனின் மகன். தொடரின் புகழ்பெற்ற தொடக்க இசைக்கு ரான் கிரெய்னர் மெட்டமைத்தார். அதற்கு ஒலி உருவம் கொடுத்தவர் பிபிசியின் ஒலிப் பட்டறையில் வேலைபார்த்த டெலியா டெர்பிஷையர். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக உருவாக்கி, ஒலிநாடாவை வெட்டி ஒட்டிச் செய்தார். அவருக்கும் உரிமையில் பங்கு தர வேண்டுமென்று கிரெய்னரே விரும்பியும் நிறுவன விதிகள் இடம்தரவில்லை. டெர்பிஷையர் 2001இல் இறந்தார். திரையில் அவர் பெயர் வந்தது 2013இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயத்தில்.

லாம்பர்ட்டின் காலத்துக் கதைகளில் நான் அடிக்கடி திரும்பிப்போவது 1964இல் வந்த ‘தி ஆஸ்டெக்ஸ்’. நான்கு அத்தியாயங்கள், எழுதியவர் ஜான் லூகரோட்டி. இதன் மையத்தில் இருப்பவள் பார்பரா ரைட், பள்ளி வரலாற்று ஆசிரியை. நடித்தவர் ஜாக்குலின் ஹில். கல்லறை ஒன்றில் வந்திறங்கியதும் அங்கே கிடந்த காப்பைக் கையில் மாட்டிக்கொள்கிறாள். இறந்துபோன தலைமைப் பூசாரியின் மறுபிறவி என்று ஆஸ்டெக் மக்கள் அவளைத் தெய்வமாக்கிவிடுகிறார்கள். கிடைத்த அதிகாரத்தைக் கொண்டு நரபலியை நிறுத்தப் பார்க்கிறாள். ஸ்பானியர்கள் வந்து இந்த நாகரிகத்தையே அழிக்கப்போகிறார்கள், பலியை விட்டுவிட்டால் மற்ற மேன்மைகள் பிழைக்கக்கூடும் என்பது அவள் கணக்கு. வரலாற்றில் கைவைக்க முடியாது என்று டாக்டர் கத்துகிறார். அவள் கேட்பதாயில்லை.

இங்கே தொடரின் விதி தலைகீழாகிறது. இந்தக் காலத்தைப் பாடமாகப் படித்தவள் பார்பரா. அவள் கேட்பது ஆசிரியரின் கேள்வி, அறிவினா. விடையைத் தெரிந்துகொண்டே கேட்டு, எதிரிலிருப்பவரைச் சிந்திக்கவைப்பது. அறிவுக்கான பூசாரியான ஆட்லாக்கின் மனத்தில் ஐயத்தை விதைக்கிறாள். பலிக்கான பூசாரியான ட்லோடாக்ஸலின் கழுத்தில் கத்தியை வைத்துத் தன் நண்பனைக் காப்பாற்றவும் தயங்குவதில்லை.

ஆனாலும் இதைக் கொண்டாட்டமாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. ஆங்கிலேயப் பெண் ஒருத்தி பிற மக்களின் தெய்வமாக அமர்ந்து அவர்களுடைய சடங்கை விலக்குகிறாள். அந்த மக்களாக நடிப்பவர்களும் வெள்ளையர்களே. ‘சுதேசிகளைத் திருத்த வந்தோம்’ என்ற வாசகத்தின் கீழ் இருநூறு ஆண்டுகள் வாழ்ந்த நாட்டிலிருந்து பார்க்கும்போது இது உறுத்தத்தான் செய்யும். என்னைத் தடுத்து நிறுத்துவது கதையின் போக்கு. பலியாகவிருந்தவனை அவள் விடுவிக்கிறாள். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு அவன் தானே குதித்துச் சாகிறான். உடனே மழை பெய்கிறது. ஊரின் நம்பிக்கை உறுதிப்படுகிறது. கடைசியில் கிரகணத்தன்று பலி நடந்தே தீர்கிறது. ஆட்லாக் மட்டும் தன் பதவியையும் உடைமையையும் விட்டுக் காட்டுக்குப் போகிறார். நாகரிகத்தை மாற்ற முடியாவிட்டாலும் ஒரு மனிதருக்கு உதவினாய் என்று டாக்டர் ஆறுதல் சொல்கிறார். அது ஆறுதல்தானா? நம்பிக்கை, ஊர், உறவு எல்லாம் இழந்து தனியே போகிறவர் அந்த மனிதர். கேள்விக்கு விலை உண்டு, சில நேரம் கேட்டவள் அல்ல, கேட்கப்பட்டவர் அதைக் கொடுக்கிறார் என்பதை இந்தக் கதை மறைக்கவில்லை.

எழுபதுகளில் பெண்விடுதலை என்ற சொல்லே தொடருக்குள் வந்துவிட்டது. ‘தி டைம் வாரியர்’ கதையில் பத்திரிகையாளர் சாரா ஜேன் ஸ்மித் அறிமுகமாகிறாள். இடைக்காலக் கோட்டையின் சமையலறையில் அகப்பட்டுக்கொண்டவள், ஆண்களுக்கு ஏன் எப்போதும் பெண்களே சமைத்துச் சுமக்க வேண்டும் என்று அங்கிருக்கும் பெண்ணிடம் கேட்கிறாள். எதிரிலிருப்பவளுக்குப் புரியவில்லை. நீங்கள் இன்னும் இடைக்காலத்திலேயே இருக்கிறீர்கள் என்று சலித்துக்கொள்கிறாள் சாரா. இருப்பதே இடைக்காலத்தில்தான் என்பது நகைச்சுவை. எழுதியவர் கேள்வியை அனுமதித்து, அதன்மேல் சிரிப்பையும் ஏற்றிவிடுகிறார். நமக்குப் பழகிய தந்திரம்.

பின்னர் வந்த ‘தி மான்ஸ்டர் ஆஃப் பெலடான்’ கதையில் இளம் அரசி தலிரா, தான் வெறும் பெண்தானே என்கிறாள். அந்த ‘வெறும்’ எங்கிருந்து வந்தது என்று மறுக்கிறாள் சாரா. பேசச்சொல்லித் தூண்டிவிடுவது டாக்டர்தான் என்பது கொஞ்சம் கசக்கிறது. இருந்தாலும் இரண்டு பெண்கள் தங்கள் நிலைமையைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காட்சி இந்தத் தொடரில் அரிது. டாக்டருடன் போகிறவளைத் தோழி என்று தமிழில் சொல்லலாம். ஆனால் சங்க அகப்பாடல்களின் தோழி தலைவிக்காகத் தலைவனையே கேள்வி கேட்பவள். டாக்டரின் தோழிக்குப் பல கதைகளில் வேறொரு பெண்ணே அருகில் இல்லை.

கேட்டவள் எப்படி வெளியேற்றப்படுகிறாள் என்பதையும் குறித்துவைத்தேன். 1964இல் பேத்தி சூசனை, அவள் காதலிப்பவனோடு வாழட்டும் என்று தாத்தாவே முடிவுசெய்து, டார்டிஸின் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார். அவர் பேசும் விடைபெறும் வரிகள் நெகிழ்ச்சியானவை. ஆனால் அவளுடைய முடிவு என்ன என்று யாரும் கேட்கவில்லை. 1973இல் ஜோ கிரான்ட் திருமணம் செய்துகொண்டு போகிறாள். அந்தக் காதல் நம் கண்முன் வளர்வதால் ஏற்றுக்கொள்ளலாம். 1978இல் கத்தியோடு அலைந்த வீராங்கனை லீலா, எந்த முன்தயாரிப்பும் இல்லாமல் ஒரு காவலரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். எழுதத் தெரியாத முடிவுகளுக்குக் கல்யாணம் என்று பெயர்.

1983இல் வந்த ‘என்லைட்டன்மென்ட்’ இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. எழுதியவர் பார்பரா கிளெக், இயக்கியவர் ஃபியோனா கம்மிங். தொடங்கி இருபது ஆண்டுகள் ஆனபிறகுதான் ஒரு பெண் தனியாக எழுதிய கதை இந்தத் தொடரில் வருகிறது. விண்வெளியில் பாய்மரக் கப்பல்கள் பந்தயம் ஓடுகின்றன. கப்பல்களின் தலைவர்கள் ‘நித்தியர்கள்’. சாவில்லாதவர்கள், ஆனால் சொந்தமாகக் கற்பனை இல்லாதவர்கள். மனித மனங்களிலிருந்து உறிஞ்சியே பொழுதை ஓட்டுகிறார்கள். அவர்களில் ஒருவனான மாரினர், ஆஸ்திரேலிய விமானப் பணிப்பெண் டீகனின் மனத்தில் மயங்கிப் பின்தொடர்கிறான். அவள் நினைவுகளைத் தோண்டி எடுத்து அவளுக்கு அறை அலங்கரித்துத் தருகிறான். உன் எண்ணங்கள் என் எண்ணங்களாக வேண்டும் என்கிறான். இது காதலா என்று அவள் கேட்க, காதல் என்றால் என்ன, எனக்கு வேண்டியது இருப்பு என்கிறான்.

கொளல்வினாவின் இலக்கணம் இதுதான், கேட்பது, எடுத்துக்கொள்வதற்காக. கவிதைக்குத் தூண்டுதலாகப் பெண்ணை வைத்துக்கொண்ட ஆண்களின் வரலாற்றை ஒரு பெண் தொலைக்காட்சிக் கதையாக எழுதினால் இப்படித்தான் இருக்கும். மாரினர் அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. மிகுந்த மரியாதையோடு பேசுகிறான். அதனால்தான் பயமாக இருக்கிறது. டீகன் ஒருகணமும் நெகிழ்வதில்லை. அவளுடைய கேள்விதான் அவனை அவிழ்த்துக் காட்டுகிறது.

செவ்வியல் காலத்தின் கடைசிக் கதையான ‘சர்வைவல்’ (1989) ரோனா மன்ரோ எழுதியது. அதில் ஏஸ் என்ற இளம்பெண், சிறுத்தை உருவம்கொண்ட காரா என்பவளைக் காயம்பட்ட நிலையில் பார்க்கிறாள். தன்னை வேட்டையாட வந்த இனத்தவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கொடுப்பதற்காகக் கேட்பது கொடைவினா. அந்தக் கதையில் டாக்டரைவிட அந்த இரு பெண்களின் உறவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. முடிவில் ஏஸை யாரும் மணக்கவில்லை, எங்கும் இறக்கிவிடவும் இல்லை. டாக்டரோடு நடந்துபோகிறாள். அதோடு தொடர் நிறுத்தப்பட்டது. அவளை வெளியேற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

இந்தக் கதைகளை ஏன் திரும்பப் பார்க்க வேண்டும் என்று மாணவிகள் கேட்கிறார்கள். பழையது, அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிடலாமே என்கிறார்கள். அந்தக் காலத்திலேயே பார்பரா ரைட் இருந்தாள். ஆறு ஆண்டுக்குப் பின் வந்த லிஸ் ஷா அனுப்பப்பட்டாள். காலம் தானாக முன்னேறிக்கொண்டே இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த வரிசையே பதில். அறுபதுகளின் அத்தியாயங்கள் பலவற்றை பிபிசி பின்னர் அழித்துவிட்டது. பார்பரா வரும் ‘மார்கோ போலோ’ கதைக்கு இன்று நகரும் படம் இல்லை. பார்வையாளர்கள் வீட்டில் ஒலிநாடாவில் பதிந்துவைத்ததால் குரல் மட்டும் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்கலாம்.

தொடங்க விரும்புகிறவர்கள் ‘தி ஆஸ்டெக்ஸ்’, ‘என்லைட்டன்மென்ட்’ இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டு, நன்னூலின் ஆறு பெயர்களையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் அதனதன் கட்டத்தில் குறியுங்கள். பிறகு அதே தாளை உங்கள் துறைக் கூட்டத்துக்கும் வீட்டுக் கூடத்துக்கும் எடுத்துப்போங்கள்.