விண்கலமும் தோல்படகும்

திருவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே பேருந்தில் சென்று வரும் நமக்கு மேற்கே மலை தெரியும், கடல் தெரியாது. அப்படியிருக்க, கடலில் துடுப்புப் போட்ட ஓர் இளைஞனைப் பற்றிய ஆங்கில நூலை உங்கள் முன் வைப்பானேன்? அவனுடைய தந்தை இயற்பியல் அறிஞர் என்பது ஒரு காரணம். நூல் எழுப்பும் கேள்வி நம் மலைக்கும் பொருந்தும் என்பது மற்றொரு காரணம்.

கென்னத் பிரவர் எழுதிய ‘தி ஸ்டார்ஷிப் அண்ட் தி கனூ’ என்னும் அந்நூல் 1978-இல் வெளிவந்தது. தந்தை ஃபிரீமன் டைசன் (1923–2020), குவாண்டம் மின்னியக்கவியலில் புகழ்பெற்றவர். பின்புறம் அணுகுண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து, அந்த உந்துதலால் கோள்களுக்குச் செல்லும் ‘ஓரியன்’ விண்கலத்தை வடிவமைத்த குழுவில் 1950-களின் இறுதியில் பணியாற்றியவர். மகன் ஜார்ஜோ, கனடாவின் மேற்குக் கரையில் 95 அடி உயர மரக்குடிலில் வாழ்ந்தார். அல்யூட் மக்களின் ‘பைதார்க்கா’ என்னும் தோல்படகைப் பின்பற்றிப் படகுகள் கட்டி, அலாஸ்கா வரையுள்ள தீவுகளிடையே சென்றார். ஓர்க்கா திமிங்கிலங்கள் உலவும் அந்த நீர்ப்பரப்பையும், அங்கே தந்தையும் மகனும் சந்திப்பதையும் பிரவர் உயிரோட்டத்துடன் எழுதியுள்ளார்.

இரு ஊர்திகளையும் இயற்பியல் கண்ணோடு பாருங்கள். பைதார்க்காவின் சட்டத்தில் ஆணி இல்லை. நம் கட்டுமரத்தைப் போலவே எல்லாம் கட்டப்பட்டவை. அலை மோதும்போது கட்டுகள் சற்று நெகிழ்ந்து கொடுக்கின்றன. மோதல் நீடிக்கும் நேரம் கூடினால் விசை குறையும் அல்லவா? ஓரியனிலும் இதே தத்துவம்தான்! வெடிப்பின் தாக்குதலை ஒரு கனத்த தட்டு ஏற்க, அதிர்வுதாங்கிகள் அதனை மெல்ல மெல்லக் கலத்துக்கு அனுப்பும். தந்தையும் மகனும் ஒரே கணக்கிற்குத்தான் விடை தேடியிருக்கின்றனர்.

இனி என் குறைக்கு வருகிறேன். நூலின் அமைப்பு, ‘விண்கலம் பெரியது, ஆகவே கொடியது, தோணி சிறியது, ஆகவே தூயது’ என்று நம்மை எண்ண வைக்கிறது. படித்து முடித்த என் மாணவி ஒருத்தியும், “எல்லாரும் தோணிக்கே திரும்பிவிட்டால் இயற்கை பிழைத்துக்கொள்ளும், இல்லையா சார்?” என்று கேட்டாள். வரலாறு இதை ஒப்பவில்லை.

1741-இல் பெரிங்கின் கடற்பயணத்துக்குப் பிறகு, ரஷ்ய வணிகர்கள் அல்யூஷியன் தீவுகளுக்கு வந்தனர். அல்யூட் ஆண்களைக் கட்டாயப்படுத்தி, இதே பைதார்க்காக்களில் கடல் நீர்நாய் வேட்டைக்கு அனுப்பினர். ஓசையின்றி நெருங்கும் படகு அல்லவா? இலட்சத்துக்கும் மேலாக இருந்த விலங்கு, மென்மயிர்த் தோலுக்காக வேட்டையாடப்பட்டு, 1911-இல் ஏறத்தாழ 2,000 என்ற அளவுக்குச் சுருங்கியது. நீர்நாய் குறைந்த இடங்களில் அது தின்னும் கடல் முள்ளெலிகள் பெருகி, கடற்பாசிக் காடுகளை மேய்ந்து அழித்தன. இத்தனைக்கும் அந்த வேட்டையில் பெரும் பங்கு துடுப்பால் செல்லும் படகுகளுக்கே! மேலும், ஜார்ஜ் கட்டிய படகின் சட்டம் அலுமினியக் குழாய். போர்வை கண்ணாடி இழை. இரண்டும் பெரிய தொழிற்சாலைகளின் பிள்ளைகளே!

நீர்நாயைக் காத்தது எது? 1911-இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் செய்துகொண்ட ஒப்பந்தம். ஓரியனை நிறுத்தியது எது? வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுவெடிப்பைத் தடுத்த 1963 ஒப்பந்தம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். தம் கனவைக் கெடுக்கும் அந்த ஒப்பந்தத்தை ஆதரித்து, அமெரிக்க செனட்டில் டைசனே சாட்சியம் அளித்தார். ஆக, காத்தது ஊர்தியின் சிறுமை அன்று. ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று மனிதர் போட்டுக்கொண்ட எல்லை.

நம் கடலுக்கே வருவோம். மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள் உண்டு. 1986-இல் அவை கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயின. ஆவுளியாவும் ஆமையும் மேயும் இடம் அது. அங்கே பல்லாண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை மனிதர் கையால் பெயர்த்து, படகுகளில் ஏற்றி வந்தனர். அலைகளைத் தடுக்கும் பாறை போனதால் கரை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் மறைந்தன. 2001-இல் பவள உயிரிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. மூழ்கிய தீவுகள் வரவில்லை.

நம் மலையடிவாரத்திலும் இதே பாடம்தான். திருவில்லிபுத்தூரின் சாம்பல் நிற மலை அணில் மரத்துக்கு மரம் கிளை வழியே தாவி வாழ்வது. 1988-இல் அதற்கென்று சரணாலயம் அமைந்தது. 2021 முதல் அக்காடு புலிகள் காப்பகத்தின் பகுதி. இணைந்த கிளைகளை வெட்டிவிட்டால் அணில் தரையில் இறங்க வேண்டும். அங்கே பகை காத்திருக்கும். கிளையை வெட்டப் பெரிய இயந்திரம் வேண்டுமா? ஓர் அரிவாள் போதுமே!

நூலை அவசியம் படியுங்கள். கடலையும் தீவுகளையும் அதில் கண்டு மகிழுங்கள். எந்த ஊர்தி நல்லது என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அதைச் செலுத்துவோர் எங்கே நிற்க ஒப்புக்கொண்டனர் என்பதையும் கேளுங்கள். அந்த மாணவிக்கு நான் சொன்ன விடையும் இதுவே.