பாதி விலை கார், முழு விலை உதிரிபாகம்

பி.எம்.டபிள்யூ 330ஐ எம் ஸ்போர்ட் 2019 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 47 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். வரியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்தால் அரைக்கோடியைத் தாண்டிய வண்டி. அந்தக் காலத்து வண்டிகள் இப்போது பழைய கார் சந்தையில் பாதி விலையை நெருங்கிக் கிடைக்கின்றன. குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குழித்துறை, சிதறால் வட்டாரத்தில் வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய பலர் இதற்கு ஆசைப்படுகிறார்கள். சிதறாலில் நண்பர் ஒருவர் வாங்கும் யோசனையில் இருந்த ஒரு 330ஐ-யை, விற்பவரின் சம்மதத்தோடு, ஊர்ச் சாலைகளில் ஓட்டியும் ஒர்க்‌ஷாப்பில் தூக்கி நிறுத்தியும் பார்த்தேன்.

முதலில் ஓட்டம். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க். பூச்சியத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.8 விநாடி என்பது கம்பெனிக் கணக்கு. சிதறாலில் இருந்து ஆற்றூர், திருவட்டாறு வழியாக மாத்தூர் தொட்டிப்பாலம் போகும் சாலையில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை. ஒரு பக்கம் ரப்பர்த் தோட்டம், மறுபக்கம் வீட்டு மதில், வளைவுக்கு அப்பால் பஸ் வருமா ஸ்கூட்டர் வருமா என்று தெரியாத சாலை அது. ஆனால் இந்தக் காரின் அருமை அங்கேதான் தெரிகிறது. ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினாலே மூக்கு திரும்புகிறது. ஏற்றத்தில் பஸ்ஸை முந்த ஆக்சிலரேட்டரைக் கால்வாசி அழுத்தினால் போதும், எட்டு கியர் ஆட்டோமேட்டிக் நாம் நினைக்கும் முன்பே கியரை இறக்கிவிடுகிறது. பின்சக்கரம் தள்ளும் வண்டி என்பதால் வளைவை விட்டு வெளியே வரும்போது ஸ்டியரிங்கில் இழுப்பு இல்லை. இவ்வளவு துல்லியமான செடான் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மகிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் பூட்டப்படுகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 2007-இல் அந்த ஆலை தொடங்கியதிலிருந்து, இந்தக் கார் சேர்ந்த 3 சீரிஸ் வரிசை அங்கே உருவாகிறது.

மார்த்தாண்டத்தில் 2018-இல் திறந்த இரும்பு மேம்பாலத்தில் ஏற்றியபோது இன்னொரு முகம் தெரிந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் சுருக்கென்று ஓர் அடி முதுகுக்கு வருகிறது. காரணம் ரன்-பிளாட் டயர். பஞ்சர் ஆனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டலாம் என்பது இதன் வசதி. அதற்காகப் பக்கச் சுவரைக் கெட்டியாகச் செய்திருக்கிறார்கள். வர்ணம் அடிக்காத வேகத்தடைகளில் சாய்வாக ஏற்றி இறக்கினால்தான் வயிறு தட்டாது. குண்டுக்குழியில் வேகமாக விழுந்தால் டயரின் பக்கத்தில் புடைப்பு வரும், ரிம் வளையும். சக்கரத்தைச் சுழற்றி உள்விளிம்பைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. 18 அங்குலச் சக்கரம் உள்ள எம் ஸ்போர்ட் வண்டிகள் பலவற்றில் பின் டயர் முன் டயரைவிட அகலம். முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாததால் பின் டயர்கள் சீக்கிரம் தேயும். நான்கையும் மாற்றினால் லட்சம் ரூபாயை ஒட்டிச் செலவு வரும்.

பழைய சொகுசுக் காரைப் பற்றி நான் சொல்ல நினைப்பது இதுதான்: காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும், உதிரிபாகத்தின் விலை இறங்காது. 25 லட்சத்துக்கு வாங்கினாலும் அதன் பிரேக் டிஸ்க்கும் ஹெட்லைட்டும் அரைக்கோடிக் காருடையவைதான். வண்டியைத் தூக்கி நிறுத்தித் தந்த மூத்த மெக்கானிக் இதையே ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "எடுக்குறது எளுப்பம் மக்கா, கொண்டு நடக்குறதுதான் பாடு."

அடியில் பார்க்க வேண்டியவற்றை அவரே காட்டினார். இந்த எஞ்சின் குடும்பத்தில் ஆயில் ஃபில்டர் பகுதியின் கேஸ்கட் வயதானால் கசியும். சொட்டு விழுவதற்கு முன்பே கறுத்த ஈரம் தெரியும். கூலன்ட் போகும் பிளாஸ்டிக் குழாய்களும் இணைப்புகளும் நம் வெக்கையில் நொறுங்கத் தொடங்கும். கியர்பாக்ஸ் எண்ணெயைப் பற்றி விற்பவர்கள், 'அது ஆயுளுக்கும் போதும், மாற்ற வேண்டாம்' என்பார்கள். கியர்பாக்ஸைச் செய்யும் இசட்.எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. அதன் அடித்தட்டு பிளாஸ்டிக்; ஃபில்டர் அதோடு ஒட்டியே வரும். ஆகவே எண்ணெயோடு தட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிரேக் பேட் மாற்றும்போது தேய்மானம் காட்டும் சென்சரும் புதிதாக வேண்டும். பேட்டரி மாற்றினால் அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே வண்டி அதற்கு மின்னேற்றும், புதியது சீக்கிரம் கெடும். ஸ்கேனர் இல்லாத ஒர்க்‌ஷாப் இந்த வண்டிக்கு உதவாது. அந்த வசதிக்கு நமக்கு அருகிலுள்ள பெருநகரம் திருவனந்தபுரம் என்பதால் எல்லை தாண்டிப் போய்வரும் நேரத்தையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊருக்கே உரிய சில சோதனைகள் உண்டு. மார்கழி, தையில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். அந்தச் சருகு முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டிலும் சன்ரூஃபின் வடிகால் துளைகளிலும் அடைத்துக்கொள்ளும். அடுத்த மழையில் தண்ணீர் கூரைத் துணி வழியாக இறங்கி, கம்பளத்துக்கு அடியில் ஓடும் ஒயர்களை நனைக்கும். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் இது சின்னக் கவலை இல்லை. கம்பளத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், கண்ணாடியை மூடி வைத்து மூக்கால் மோந்து பாருங்கள். தோட்டத்து எலி ஒயரைக் கடித்த தடயம் உண்டா என்று பானெட்டைத் திறந்து தேடுங்கள்.

'ஓனர் வெளிநாட்டில், வண்டி ஓடவே இல்லை' என்ற பேச்சில் மயங்க வேண்டாம். ஷெட்டில் நின்ற வண்டியில் பேட்டரி சாகும், ரப்பர் சீல்கள் காயும், டயர் ஒரு பக்கம் சப்பையாகும். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. கிலோமீட்டர் குறைவாக இருந்தும் டயர் ஆறு வயது என்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஒழுங்காக ஓடி, ஆண்டுதோறும் எண்ணெய் மாற்றி, பில்லெல்லாம் வைத்திருக்கும் 60,000 கிலோமீட்டர் வண்டி, நின்று கிடந்த 15,000 கிலோமீட்டர் வண்டியைவிட நல்லது என்பது என் உறுதியான கருத்து. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் வரலாறு கேளுங்கள். இரண்டு சாவியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் தனி அபாயம். 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் மறுபடியும் சென்னை என்று நீரில் நின்ற கார்கள் எத்தனையோ கை மாறியிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் பேட்டரி இருக்கும் குழியில் வண்டல், இவை பொய் சொல்லாது. டெல்லி வண்டி மலிவு என்று டீசலைப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கட்டும்: பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கு அங்கே 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த நெருக்கடியில்தான் பல வண்டிகள் தெற்கே வந்தன.

கே.எல். பதிவெண் வண்டி நம் பக்கத்தில் அதிகம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க வேண்டுமானால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்க வேண்டும். கேரளத்திலிருந்து என்.ஓ.சி., இங்கே ஆயுள் வரி, பிறகு மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் டி.என். 75. கடன் பாக்கி இருந்தால் அதை அடைத்து, வங்கிக் கையெழுத்தோடு படிவம் 35 வாங்க வேண்டும். ஆயுள் வரியும் பெரிய தொகை. விலை பேசும் முன்பே கணக்கிட்டு வையுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும். நம் மழைக்கு எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீடு அவசியம்.

இதே வரிசையின் டீசல் 320டி, மைலேஜ் பார்ப்பவர்களுக்கு ஏற்றது என்பார்கள். 190 குதிரைத்திறன்தான் என்றாலும் அதுவும் 400 நியூட்டன் மீட்டர் தரும், நெடுந்தூரத்துக்கு நல்ல வண்டி. ஆனால் சிதறாலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே மட்டும் ஓடினால், பி.எஸ். 6 டீசலின் புகை வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரமே கிடைக்காது. அடைத்தால் பெருஞ்செலவு. வாரம் ஒருமுறையாவது மதுரை, கொச்சி ஓட்டுபவருக்கு டீசல், மற்றவர்களுக்கு பெட்ரோல்.

என் தீர்ப்பு: நண்பர் பார்த்த வண்டியில் சர்வீஸ் ரசீதுகள் முழுதாக இருக்கின்றன, எண்ணெய்க் கசிவு இல்லை, டயர் மட்டும் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் குறைத்துக் கொடுத்தால் வாங்கலாம். வாங்கும் நாளில் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வங்கியில் போட்டு வையுங்கள்; 25 லட்சம் என்றால் 5 லட்சம், முதல் இரண்டு ஆண்டுக்கு. அந்தத் தொகை கையில் இல்லை, அல்லது இதுதான் வீட்டின் ஒரே கார் என்றால், புது ஹோண்டா சிட்டியோ ஸ்கோடா ஸ்லாவியாவோ எடுங்கள். எதை வாங்கினாலும், ஸ்கேன் செய்து, தூக்கி நிறுத்திப் பார்க்கும் முன்பு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.