காரணமும் துணைக்காரணமும்: ரெம்பி விபத்தறிக்கை பற்றிய ஒரு நோக்கு

இலக்கியப் படைப்புகளைப் போன்றே அரசாங்க அறிக்கைகளும் விமர்சனத்துக்கு உட்படத் தக்கவை. அவற்றிலும் சொற்றெரிவு உண்டு. எதனை முன்வைப்பது, எதனைப் பின்வைப்பது என்ற ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கினூடே புலப்படும் சமூக நோக்கும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, அரிசோனா மாநிலத்து ரெம்பி நகரில் நிகழ்ந்த விபத்துப் பற்றி 2019 நவம்பரில் முடிவுசெய்த அறிக்கை இவ்வகையில் ஊன்றிக் கற்க வேண்டியதொன்றாகும். தானியங்கு முறையிற் செலுத்தப்பட்ட கார் மோதிப் பாதசாரி ஒருவர் உயிரிழந்த முதற் சம்பவமாக இவ்விபத்துக் கொள்ளப்படுகின்றது.

2018 மார்ச் 18 ஆம் திகதி இரவு, ஊபர் நிறுவனம் பரீட்சார்த்தமாக ஓடவிட்ட வொல்வோ கார் ஒன்று, துவிச்சக்கர வண்டியொன்றைத் தள்ளியவாறு வீதியைக் குறுக்கே கடந்துகொண்டிருந்த பெண்ணொருவரை மணிக்கு 39 மைல் வேகத்தில் மோதியது. சாரதி ஆசனத்தில் கண்காணிப்பாளர் ஒருவர் இருந்தார். அவருடைய பார்வை கைத்தொலைபேசியில் இருந்தது. செய்தி இவ்வளவாகவே பரவிற்று. அறிக்கையின் உடற்பகுதி இதற்கு அப்பாற் செல்கின்றது. அதன் பெருஞ்சிறப்பும் அதுவே.

மோதலுக்கு 5.6 செக்கன்களுக்கு முன்னரே காரின் கருவிகள் அப்பெண்ணைக் கண்டுவிட்டன. ஆனால், கண்டது இன்னதென அவை அறியவில்லை. வாகனம் என்றும், இனங்காணப்படாத பொருள் என்றும், துவிச்சக்கர வண்டி என்றும் மென்பொருள் மாறிமாறி வகைப்படுத்தியது. வகை மாறுந்தோறும் அப்பொருள் அதுவரை வந்த பாதையின் பதிவு கைவிடப்பட்டது. ஆதலால் அது எங்கே செல்கின்றது என்று கணிக்க இயலாது போயிற்று. கடவைக்கு வெளியே பாதசாரி ஒருவர் வீதியைக் கடக்கக் கூடும் என்ற எண்ணமே மென்பொருளின் வடிவமைப்பில் இடம்பெறவில்லை. ஆபத்து உணரப்பட்ட பின்னரும், பொய்யெச்சரிக்கைகளால் கார் வீணே பிறேக் பிடிப்பதைத் தவிர்க்கும் பொருட்டு, ஒரு செக்கன் செயலின்றி இருக்குமாறு அது பணிக்கப்பட்டிருந்தது. வொல்வோ தன் காரிற் பொருத்தியிருந்த தன்னியக்க அவசர பிறேக்கும், ஊபரின் முறைமை இயங்கும் வேளையில் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது.

இத்துணை நுணுக்கமாக உண்மைகளைத் திரட்டிய அறிக்கை, தன் முடிபை எவ்வாறு மொழிகின்றது? விபத்தின் 'சாத்தியமான காரணம்' கண்காணிப்பாளரின் கவனமின்மை என்று முதல் வாக்கியம் கூறுகின்றது. ஆபத்து மதிப்பீட்டில் இருந்த குறைபாடு, கண்காணிப்பாளர்களை மேற்பார்வை செய்யாமை, இயந்திரத்தை நம்பி மனிதர் அசட்டையாவதைத் தடுக்கத் தக்க ஏற்பாடின்மை ஆகிய நிறுவனத்தின் தவறுகள் 'துணைக்காரணங்கள்' என அடுத்து வருகின்றன. கடவைக்கு வெளியே கடந்த பெண்ணின் செயலும், பரீட்சார்த்த ஓட்டத்தை மாநிலம் போதிய அளவு மேற்பார்வை செய்யாமையும் இறுதியாக இடம்பெறுகின்றன. உடற்பகுதியில் விரிவாகப் பேசப்பட்ட மென்பொருளின் வடிவமைப்போ இவ்வாக்கியங்களிற் பெயர் பெறவில்லை. 'ஆபத்து மதிப்பீடு' என்ற தொகைச் சொல்லுக்குள் அது மறைந்துவிடுகின்றது. தனிமனிதரின் தவறு வெளிப்படையாகவும் நிறுவனத்தின் தவறு அருவமாகவும் கூறப்படும் வேறுபாடு இங்கு நோக்கற்பாலது.

சபையின் சார்பிலும் நியாயம் கூறலாம். அது நீதிமன்றம் அன்று. குற்றம் சுமத்துவது அதன் பணியும் அன்று. கண்காணிப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர் கண்காணித்திருப்பின் விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பதும் மெய்யே. நிறுவனத்தின் தவறுகள் யாவும் அதன் பாதுகாப்புப் பண்பாட்டின் போதாமையினின்று பிறந்தவை என அறிக்கை துணிந்து கூறுவதையும் மறத்தலாகாது. எனினும், பெரும்பாலும் தானே சரியாக ஓடும் இயந்திரத்தை மணிக்கணக்காகப் பார்த்திருக்கும் மனிதரின் விழிப்பு தளர்தல் இயல்பு என்பதை ஏற்றுக்கொள்வதும் இவ்வறிக்கையே. முன்னர் ஒவ்வொரு காரிலும் இருவர் இருந்தனர். 2017 இல் நிறுவனம் அதனை ஒருவராகக் குறைத்தது. தளரும் என முன்னரே தெரிந்த விழிப்பை ஒரே காவலாக நிறுத்தியவரின் முடிவு துணைக்காரணமாகவும், தளர்ந்தவரின் தவறு முதற்காரணமாகவும் அமைவது எங்ஙனம்? சபையின் அன்றைய தலைவரே, நிறுவனமொன்றின் செயல்களும் தீர்மானங்களும் கொண்ட நெடுஞ்சங்கிலியின் கடைசிக் கண்ணியே இம்மோதல் என்ற கருத்தைப் பொது அமர்விற் கூறினார். அவருடைய கூற்றின் ஒழுங்கும் எழுத்திலமைந்த முடிபின் ஒழுங்கும் ஒன்றல்ல.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அறிக்கைக்கு முன்னரே, 2019 மார்ச்சில், நிறுவனத்தின் மீது குற்றவியற் பொறுப்புச் சுமத்த ஆதாரமில்லை என வழக்குத்தொடுநர் தீர்மானித்திருந்தார். கண்காணிப்பாளர் மீது 2020 இல் வழக்குத் தொடரப்பட்டது. 2023 இல் அவர் குறைந்ததொரு குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானார். அறிக்கையே இதனை விளைவித்தது என்று கூறுவதற்கில்லை. ஆயினும், பொறுப்பு மேலிருந்து கீழ்நோக்கி இறங்கி, கூலிக்கு உழைப்பவரிடம் வந்து தங்கும் அதே ஒழுங்கினை இரண்டிலும் காண்கின்றோம்.

ஒழுங்குவிதிகளின் வரலாறும் இதனோடு இயைந்ததே. 2016 டிசம்பரில், உரிய அனுமதி பெறாத ஊபர் கார்களின் பதிவைக் கலிபோர்ணியா இரத்துச் செய்தபோது, அரிசோனாவின் ஆளுநர் அந்நிறுவனத்தை விரும்பி வரவேற்றார். பரீட்சார்த்தத்துக்கு முன்னர் நிறுவனங்கள் தம் பாதுகாப்பு மதிப்பீட்டைக் கட்டாயமாகச் சமர்ப்பிக்க வேண்டுமெனச் சபை பரிந்துரைத்தது. ஆனால் பரிந்துரைப்பதன்றிக் கட்டளையிடும் அதிகாரம் அதற்கில்லை. அதிகாரமுடைய கூட்டாட்சி நிறுவனமோ, விபத்துகளை அறிவிக்குமாறு 2021 இல்தான் ஆணையிட்டது. பிரித்தானியா 2024 இல் இயற்றிய தானியங்கு வாகனச் சட்டம் வேறொரு வழியைக் காட்டுகின்றது. அங்கீகாரம் பெற்ற வாகனம் தானே ஓடும்போது, ஓடும் விதத்துக்கான பொறுப்பு ஆசனத்தில் இருப்பவரைச் சாராது, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தைச் சாரும் என்பது அதன் அடிப்படை. பரீட்சார்த்த ஓட்டத்தைக் கண்காணிப்பவருக்கு இது நேரே பொருந்தாதெனினும், வினாவைச் சரியான இடத்திலிருந்து தொடங்குகின்றது.

ரெம்பி அறிக்கையின் உண்மைகள் என்றும் பயன்படுவன. அவற்றைத் திரட்டியோருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆனால், அவ்வுண்மைகளைக் கற்போர் முடிபு வாக்கியத்தோடு நின்றுவிடலாகாது. அவ்வாக்கியத்தை மறுதலையாக, ஈற்றிலிருந்து முதல்நோக்கி வாசிப்பின், மாநிலமும் நிறுவனமும் முன்னரும், கைத்தொலைபேசியைப் பார்த்திருந்த ஊழியர் இறுதியிலும் நிற்பர். விபத்து உருவாகிய வரிசையும் அதுவே.