காற்றோடு போனால் மொரீசியஸ்

மொரீசியஸுக்குப் போகிறவர்களில் பலர் விமான நிலையத்திலிருந்து நேராகக் கடற்கரை விடுதிக்குப் போய், ஒரு வாரம் நீலத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் அழகுதான். ஆனால் தீவின் சுவை உள்நாட்டில் இருக்கிறது. அதைப் பிடிக்க எளிய வழி, காற்று போகும் திசையிலேயே தீவைக் குறுக்காகக் கடப்பது.

அங்கே ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. எனவே தென்கிழக்குக் கரையிலுள்ள மாஹேபூர்க்கில் காலையில் கிளம்புங்கள். வாடகைக் கார் வேண்டாம்; கியூர்பிப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்காருங்கள். கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேடு ஏற ஏற மேகம் தாழ்ந்து வரும், ஜன்னலை யாராவது இழுத்து மூடுவார்கள். கியூர்பிப் நடுப் பீடபூமியில் சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலில் ஈரம் அள்ளிவந்த காற்று இந்த மேட்டில் ஏறிக் குளிர்ந்து கொட்டிவிடும்; பீடபூமியில் ஆண்டுக்கு 4,000 மி.மீ. வரை பெய்யும் இடங்கள் உண்டு. ஜூலையில் போனால் அங்கே குளிர்காலம், ஸ்வெட்டரும் குடையுமாகத்தான் ஆட்கள் நடமாடுவார்கள். அங்கிருந்து மேற்கே தமரின் பக்கம் இறங்கினால் புல் காய்ந்து கிடக்கும். மழை மறைவுப் பகுதி. ஆண்டு மழை 900 மி.மீ. அளவுதான். கருங்கல் பாத்தி கட்டி அங்கே உப்பு விளைவித்தது அதனால்தான். 65 கி.மீ. நீளமும் 45 கி.மீ. அகலமும் உள்ள தீவில், ஒரு முற்பகலுக்குள் இவ்வளவும் பார்த்துவிடலாம்.

வழிநெடுகக் கரும்பு. டச்சுக்காரர்கள் 1639இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தது. புயல் அடிக்கடி வரும் தீவில் மரப்பயிர்கள் வேரோடு போய்விடும். கரும்பு சாய்ந்து, மறுபடி நிமிர்ந்துகொள்ளும். அது இத்தனை காலம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கரும்பை மட்டும் பார்த்துக்கொண்டு போய்விடாதீர்கள். வயல்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்கும் மேலே கறுப்புக் கற்குவியல்கள் நிற்கும். எங்காவது இறங்கி ஒன்றின் அருகே போய்ப் பாருங்கள். கல் முழுக்கச் சிறு சிறு துளைகள். எரிமலைக் குழம்பு இறுகும்போது வாயு வெளியேறிய தடங்கள். தீவே எரிமலையில் பிறந்தது, மண் நிறைய இந்தக் கல்தான். இயந்திரம் வருமுன் ஒவ்வொன்றையும் மனிதர்கள் குனிந்து எடுத்து, சுமந்து, அடுக்கினார்கள். முதலில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். 1835இல் அடிமை முறை ஒழிந்ததையொட்டி, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள், ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். அவர்களில் தமிழர்களும் உண்டு. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அவர்கள் ஏறிவந்த 16 படிகள் ஆப்ரவாசி காட் என்ற இடத்தில் இன்றும் இருக்கின்றன. 2006இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. என் யோசனை: கற்குவியல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன்பின் அந்தப் படிகளுக்குப் போங்கள். அந்த வரிசையில் பார்த்தால்தான் படிகளின் கனம் தெரியும்.

பவளத்திட்டு ஏறக்குறைய தீவு முழுவதையும் சுற்றி அலையைத் தடுத்துவிடுகிறது. தெற்கே சூயாக்கில், க்ரி க்ரி பாறைமுனையில் அந்த அரண் இல்லை. கடலின் உண்மையான குரலைக் கேட்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஊர்களுக்குள் பெட்டி பெட்டியாகக் கான்கிரீட் வீடுகள். அழகில்லை என்று பலர் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அவை மிகவும் பிடிக்கும். 1960இல் கரோல் புயல் மரவீடுகளையும் தகரக் கூரைகளையும் வாரிக்கொண்டு போனது. அதன்பின் எழுந்தவை இந்தத் தட்டைக் கூரைகள். பல வீடுகளில் மொட்டைமாடியில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். பிள்ளைக்குக் கல்யாணமானால் மேலே இன்னொரு மாடி எழும்பும்.

தமிழ் வாசகருக்குத் தைப்பூசக் காலம் தனி. அங்கே அது அரசு விடுமுறை. ஜனவரி, பிப்ரவரி என்பதால் உச்சக் கோடை, புயல் காலமும்கூட. கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு காவடி போகும். முடிந்ததும் கோவிலில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள். அவர்கள் சொல்வது ‘செத் காரி’. பூசணி, பலாக்காய், வாழைக்காய், கீரை, புளிப்பும் காரமுமாக ரசம். உங்கள் இலைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் நெற்றியில் விபூதியோடு கிரியோல் மொழியில் பேசுவார். நம்ம ஊர்ச் சுவை இருக்கிறதா என்று தேடிக்கொண்டு சாப்பிடாதீர்கள். பூர்வகுடிகளே இல்லாத தீவு அது; வந்தவர்கள் எல்லாரும் பக்கத்து வீட்டு அடுப்பைப் பார்த்துச் சமைத்தார்கள். அந்த ரசத்துக்கு ஐந்தாறு தலைமுறை வயது. அதன் ருசியை அதனிடமே கேளுங்கள்.

கடைசியாக சேகா. அடிமைகள் உருவாக்கிய இசையும் ஆட்டமும். விடுதிகளில் மினுமினுப்பு உடையோடு காட்டுவது வேறு. ஞாயிற்றுக்கிழமை பொதுக் கடற்கரைகளில் குடும்பங்கள் சோற்றுப் பானையோடு வந்து கூடும்போது பாருங்கள். ரவான் என்ற ஆட்டுத்தோல் பறையை முதலில் தீயில் காட்டுவார்கள். கடற்காற்றின் ஈரத்தில் தொய்ந்த தோல் சூட்டில் இறுகி, விரல் பட்டதும் கணீரென்று பேசும். கூடவே மரவான், கரும்புப் பூவின் தண்டுகளைக் கட்டி உள்ளே விதை போட்ட தட்டையான பெட்டி. இரு கையிலும் பிடித்து அசைப்பார்கள். ஆடுகிறவர்களின் இடுப்பைப் பார்க்கும் முன் பாதங்களைப் பாருங்கள். தரையைவிட்டு எழும்பாமல் மணலைத் தேய்த்தபடியே நகரும். அதை ஓரமாக நின்று படம் பிடித்துக்கொண்டிருக்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்தில் போய் நில்லுங்கள், இடம் விடுவார்கள்.