கட்டைவிரல் உயரத்தில் வெளிச்சம்

நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் காலாட்படை வீரன் ஒருவன். பாதத்திலிருந்து கண் வரை 28 மில்லிமீட்டர். நீலக் கோட்டு, மார்பில் வெள்ளைக் குறுக்குவார், தோளில் துப்பாக்கி. நாட்டிங்ஹாமின் பெர்ரி சகோதரர்கள் ஆலனும் மைக்கேலும் மேஜைப் போர் விளையாட்டுக்காக விற்கும் பிளாஸ்டிக் உருவம். புதிதாகத் தூரிகை பிடித்தவர் நீலத்தை நீலமாகவும் வெள்ளையை வெள்ளையாகவும், எல்லை தாண்டாமல் பூசி முடிப்பார். பிழை சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் வீரன் பொம்மையாகவே நிற்பான்.

வெளிச்சம்தான் காரணம். நிஜக் கோட்டின் மடிப்பு விரல் ஆழம் இருக்கும், தானே நிழல் கொள்ளும். இங்கே அதே மடிப்பு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அறை விளக்கின் ஒளி அதற்குள் பரவி நிழலைக் கரைத்துவிடுகிறது. ஆகவே விழாத நிழலையும் படாத ஒளியையும் வண்ணத்தால் போட்டுத் தர வேண்டும், அதுவும் சற்று மிகையாக. எத்தனை நுட்பங்களுக்கு எத்தனை பெயர் வைத்தாலும், எல்லாம் இந்த ஒரு வேலையைத்தான் செய்கின்றன.

இதைக் கூச்சமில்லாமல் செய்பவர், இத்தகைய உருவங்களுக்கு வண்ணம் தீட்டும் கெவின் டாலிமோர். அவர் பரப்பிய பாணியில் உருவம் முழுக்க முதலில் கறுப்பு. அதன்மேல் ஒவ்வொரு நிறத்துக்கும் அடர்த்தி, நடுத்தரம், வெளிர் என மூன்று படிகள். வாருக்கும் கோட்டுக்கும் நடுவே அடிக் கறுப்பு மயிரிழையாக எஞ்சி நிற்கும். மூக்கருகே வைத்துப் பார்த்தால் படிக்கட்டு மாதிரி முரடாகத் தெரியும். கைநீளத் தூரத்தில் வைத்தால் மூன்றும் சேர்ந்து துணியாகிவிடும். விளையாடுபவர் பார்க்கப்போவது அந்தத் தூரத்திலிருந்துதானே! செல்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்து மனம் உடைபவர்களுக்கு இந்தப் பாணியைத்தான் காட்டுவேன்.

போட்டி உலகம் வேறு. மினியேச்சர் விளையாட்டு நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987-இல் தொடங்கிய கோல்டன் டீமன் போட்டியில் உலோகப் பெயிண்டைத் தொடாமலே பழுப்பு, மஞ்சள், வெள்ளையால் தங்கக் கவசத்தை மினுங்க வைப்பார்கள். கை தேர்ச்சியில் வியப்புதான். ஆனால் உருவத்தைச் சற்றுத் திருப்பினால் மினுக்கம் கூடவே நகராது, தீட்டிய இடத்திலேயே உறைந்து நிற்கும். ஒரே கோணத்திலிருந்து பார்ப்பதற்கான ஓவியம் அது. மேஜையில் நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கப்படும் வீரனுக்கு நல்ல உலோகப் பெயிண்டே போதும் என்பது என் கட்சி.

தொடக்கக்காரரின் முதல் எதிரி தண்ணீர்ப் பஞ்சம். குப்பியிலிருந்து நேராக எடுத்த பெயிண்ட் தடித்து, சிற்பி பாடுபட்டுச் செதுக்கிய பித்தான்களை மூடிவிடும். பால் பதத்துக்குக் கரைத்து, முதல் பூச்சு காய்ந்தபின் இரண்டாவது. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரியும், பதறக் கூடாது. மஞ்சளும் சிவப்பும் அடிநிறத்தை லேசில் மறைக்கா. கறுப்பின் மேல் நேரடியாகப் பூசாமல் இடையில் பழுப்போ இளஞ்சிவப்போ போட்டால் பாதி உழைப்பு மிச்சம். வெள்ளையைச் சாம்பலில் தொடங்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துபோகும். மூடியுள்ள டப்பாவில் நனைந்த ஸ்பாஞ்சு, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் பெயிண்ட் என்று வைத்தால் நெடுநேரம் ஈரமாக இருக்கும்.

சிறிய உருவத்துக்குச் சிறிய தூரிகை என்ற கணக்கும் தப்பு. மூன்று சைபர் போட்ட தூரிகையில் பெயிண்ட் நுனியை அடையுமுன் உலர்ந்துவிடும். வயிறு பருத்து நுனி கூர்ந்த ஒன்றாம் எண், இரண்டாம் எண்ணே நல்லது. வின்சர் அண்ட் நியூட்டனின் சீரிஸ் 7 தூரிகைகள் 1866-இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்யப்பட்டவை என்று அந்த நிறுவனம் சொல்கிறது. கோலின்ஸ்கி என்னும் விலங்கின் மயிராலான அதே தூரிகையால் இன்று பூதங்களுக்குப் பல் தீட்டுகிறார்கள். விலை அதிகம். மயிர் உலோகப் பட்டையைச் சேருமிடம் வரை பெயிண்ட் ஏறவிட்டால் கூர் போய்விடும்.

கண்கள் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை வைத்து நடுவே கறுப்புப் புள்ளி வைத்தால் பெரும்பாலும் பேயறைந்த முழிதான் கிடைக்கும். புருவத்துக்குக் கீழே அடர்பழுப்பு நிழல், மூக்கிலும் கன்னத்திலும் வெளிர்த் தொடுகை. பார்ப்பவர் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

2019-இல் அதே கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சிட்டடெல் பிராண்டு கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் பெயிண்டுகள் ஒரே பூச்சில் பள்ளத்தில் தேங்கி நிழலாகவும், மேட்டில் மெலிந்து ஒளியாகவும் நிற்பவை. கறுப்புப் பிரைமர் அடித்து, மேலிருந்து மட்டும் வெள்ளையைத் தூவி, அதன்மேல் இதைப் பூசினால் ஒரே மாலையில் ஒரு படைப்பிரிவு தயார். பழைய கைகள் இதைக் குறுக்குவழி என்று முகம் சுளிக்கின்றன. எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை. சுருக்கமும் மயிரும் நிறைந்த உருவத்தில் அது நன்றாகவே உட்காருகிறது. குதிரையின் வயிறு, பீரங்கி வண்டியின் பலகை போன்ற வழவழப்பான பரப்பில் மட்டும் கறை வளையம் விழும். அங்கே நீர்த்த பெயிண்டும் இரண்டாம் பூச்சும்தான்.